‘பிப் இன்ஸ்டால் செய்தால் போதும்’ என்று எழுதுகிறவர்களுக்கு

ஒரே ஒரு வரி. “பிப் இன்ஸ்டால் செய்தால் போதும்.” பிப் என்பது பைதான் மொழிப் பொதிகளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவுகிற கருவி. ஆராய்ச்சிக் கட்டுரையோடு நிரலை வெளியிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், நிறுவும் முறை என்ற தலைப்புக்குக் கீழே இதை எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வரியை நம்பி லினக்ஸ் முன்னால் உட்காருகிற பிள்ளைகள் வாரக்கணக்கில் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

வேலூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. நிலவியல், வேதியியல், சுற்றுச்சூழல் என்று எந்தத் துறைப் பிள்ளைக்கு நிரல் ஏறவில்லை என்றாலும் கடைசியில் என் மேஜைக்கு வந்துதான் நிற்கும். இந்தக் கோடையில் வந்தது ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, தோல் கழிவில் வருகிற குரோமியம் எந்தக் கிணறுகளை நோக்கி நகர்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தோல் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்டில். மாசு செய்தவனே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற தெருவிலிருந்துதான் அவள் காலேஜுக்கு வருகிறாள். இந்த ஆராய்ச்சியை இந்த ஊர்ப் பெண் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

அவளுக்கு வேண்டிய தரவு எல்லாமே இலவசம். நில உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம், 30 மீட்டர் துல்லியம். செயற்கைக்கோள் படத்துக்கு சென்டினல்-2, 10 மீட்டர் துல்லியம். இயங்குதளமும் இலவசம், உபுண்டு 22.04. ஒரு கட்டுரையில் வந்த முறையைப் பின்பற்றச் சொல்லியிருக்கிறார் வழிகாட்டி, அந்த நிரலும் இலவசம். கையில் எல்லாம் இருக்கிறது, ஓடமட்டும் மாட்டேன் என்கிறது.

ஏன் ஓடவில்லை என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். அந்த நிரலுக்கு ஜிடால் வேண்டும். உலகத்தில் வரைபடம், செயற்கைக்கோள் படம் தொடுகிற மென்பொருளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது அதுதான். 1998-இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கியது. சி++ மொழியில் எழுதிய பெரிய நூலகம். பைதானில் நாம் கூப்பிடுவது அதன் மேல் போர்த்திய மெல்லிய உறை. பிப் தருவது அந்த உறையின் மூலநிரலை மட்டும்தான். உள்ளே இருக்கிற நூலகம் கணினியில் ஏற்கெனவே இருக்கவேண்டும், அதன் டெவ் பொதியும் (அதை வைத்து மற்றதைக் கட்டத் தேவையான கோப்புகள்) இருக்கவேண்டும், இரண்டின் பதிப்பும் பொருந்தவேண்டும். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிடால் 3.4.1. பிப்போ கேட்டதும் இருப்பதிலேயே புதிய பதிப்பை இழுத்துவரும். முதலில் ‘ஜிடால்-கான்ஃபிக்’ இல்லை என்று சொல்லும். டெவ் பொதியைப் போட்டால் அடுத்து, இந்த உறைக்கு இதைவிடப் புதிய நூலகம் வேண்டும், இங்கே இருப்பது 3.4.1 என்று நின்றுவிடும். போர்வெல் மோட்டாரைக் கையில் கொடுத்துவிட்டு எத்தனை இன்ச் பைப் என்று சொல்லாமல் போகிறவனை நம் ஊரில் என்ன சொல்லித் திட்டுவோம்?

சரி, பதிப்பைக் குறிப்பிட்டு 3.4.1 என்றே கேட்டு ஏற்றினோம். ஏறிவிட்டது. இம்போர்ட் கூட ஆகிறது. படத்தைத் திறந்து எண்களாக வாசிக்கப் போனால் ‘_ஜிடால்_அர்ரே’ என்ற பகுதியைக் காணோம் என்கிறது. காரணம் கேட்டால் தலை சுற்றும். உறையை மூலநிரலிலிருந்து கட்டுகிற நேரத்தில் நம்பை (எண் அட்டவணைகளைக் கையாளுகிற பைதான் பொதி) அங்கே இருந்தால்தான் அந்தப் பகுதியைக் கட்டும். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டு, வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று எழுதும். நம்பைதான் கணினியில் இருக்கிறதே என்பீர்கள். பிப் கட்டுமானத்தைத் தனி அறையில் வைத்துச் செய்கிறது, அந்த அறைக்கு வெளியே இருக்கிற நம்பை அதன் கண்ணில் படாது. சரி, அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்றால், ஒருமுறை கட்டின அதே குறைப்பிரசவத்தை கேஷ் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நம்பையை முதலில் போட்டு, தனி அறையை மூடச் சொல்லி, கேஷையும் தொடாதே என்று சொன்னால்தான் ஒழுங்காக வரும். நிலத்தடி நீரைப் படிக்க வந்த பெண்ணுக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தருவது? கட்டுரையில் இருந்தது அந்த ஒரு வரி.

அத்தோடு முடிந்ததா? மறுநாள் காலையில் வந்து நிற்கிறாள். “இன்னா சார், நேத்து ஓடுச்சு, இன்னிக்கி ஓடல. நான் ஒண்ணுமே பண்ல சார்.” உண்மைதான், அவள் எதையும் கெடுக்கவில்லை. வரைபடம் வரைய இன்னொரு பொதியைப் போட்டிருக்கிறாள். அது தன்னோடு நம்பை 2-ஐக் கூட்டிவந்துவிட்டது. 2024 ஜூனில் வந்தது அந்தப் பெரிய பதிப்பு. 1-ஐ வைத்துக் கம்பைல் செய்த பொதிகள் 2-இல் ஓடாது. கட்டுரை ஆசிரியர் தன் தேவைப் பட்டியலில் ‘நம்பை’ என்று வெறுமனே எழுதிவைத்திருந்தார், எண் இல்லை. இரண்டுக்குக் கீழே என்று ஒரு குறி போட்டிருந்தால் இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் மிச்சம்.

இன்னொரு வகைப் பட்டியலும் உண்டு. கோண்டாவில் (பிப் போலவே பொதிகளை நிறுவுகிற இன்னொரு கருவி) இருந்தபடி, நிறுவியதையெல்லாம் பட்டியல் போடுகிற ‘பிப் ஃப்ரீஸ்’ அடித்து அப்படியே கொட்டியது. நூற்றுக்கணக்கான வரி, பாதிக்கு மேல் அட் குறி போட்டு யாரோ ஒருவர் கணினியில் எப்போதோ இருந்த ஒரு கோப்புறையின் முகவரி. அந்தக் கோப்புறை உலகத்தில் வேறு எவரிடமும் கிடையாது. வெளியிடும் முன் வேறொரு கணினியில் ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

ஏறாமல் நிற்பதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏறி, ஓடி, தப்பான விடை கொடுப்பதுதான் என்னைக் கொதிக்கவைக்கிறது. 2019 மே மாதம் ஜிடால் 3 வந்தபோது, 4326 என்கிற வழக்கமான ஆயமுறையில் (இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறிக்கிற முறை) எது முதலில் என்பது மாறிவிட்டது. அதற்கு முன் தீர்க்கரேகை முதலில். அதற்குப் பின் அட்சரேகை முதலில். வேண்டுமென்றால் பழைய வரிசையையே வைத்துக்கொள் என்று சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது, பழைய நிரல்களில் அது இருக்காது. வேலூர் 12.92 வடக்கு, 79.13 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் 79.13 வடக்கு, 12.92 கிழக்கு. அது ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிற வட்டாரம். நிரல் ஒரு எச்சரிக்கை கொடுக்கவில்லை. பாலாற்றுக் கிணறுகளைப் பனிப்பாறைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வெற்றுப் படத்தைக் கொடுத்தது. வெற்றுப் படம் வந்ததால் பிடித்தோம். இடம் தள்ளிப்போய் ஏதோ ஒரு படம் வந்திருந்தால், அது ஆய்வேட்டில் போய் உட்கார்ந்திருக்கும். குரோமியம் இந்தக் கிணற்றுக்கு வராது என்று யாரோ நம்பியிருப்பார்கள்.

ப்ரோஜ் கதையும் இதே ஜாதி. ஆயமுறை மாற்றுகிற நூலகம் அது. செயற்கைக்கோள் படங்களை வாசிக்கிற ராஸ்டீரியோ பொதி தனக்குள்ளேயே ஒரு பிரதியை வைத்திருக்கும், கணினியில் இன்னொரு பிரதி. எங்கோ படித்து ப்ரோஜ்_லிப் என்று ஒரு பாதையை, டெர்மினல் திறக்கும்போது ஓடுகிற பேஷ் கோப்பில் எழுதிவைத்தால், ராஸ்டீரியோவின் பிரதி கணினியில் இருக்கிற பிரதியின் தரவுத்தளத்தைத் திறந்து, இது வேறொரு ப்ரோஜ் நிறுவலிலிருந்து வந்தது என்று புலம்பும். அந்த ஒரு வரியை அழித்ததும் சரியானது. அது வரைக்கும் பட்ட பாடு சொல்லி மாளாது.

கேட்டால் ஆளாளுக்கு ஒரு யோசனை. மூலத்திலிருந்து கம்பைல் பண்ணு என்பார் ஒருத்தர். விண்டோஸுக்குப் போய்விடு என்பார் இன்னொருத்தர். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், கணினியின் பைதானில் பிப் கை வைக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். நல்ல காரணத்துக்காக வைத்த பூட்டு. அதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்? ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று சேர்த்து அடி, போய்விடும். போய்த்தான் விடும், கணினியும் சேர்ந்து. அதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அதன் விளைவை ஒரு நாளாவது உட்கார்ந்து துடைத்திருப்பார்களா?

கோண்டாவுக்கான பொதிக் கிடங்கான கோண்டா-ஃபோர்ஜில் போட்டால் ஜிடால் சிக்கல் பெரும்பாலும் தீரும், ஒத்துக்கொள்கிறேன். சம்பளம் வாங்காத ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே பொதிகளைப் பொருத்திவைக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒரு சூழலே கிகாபைட் கணக்கில் இறங்கும். இந்தப் பெண் வீட்டில் ஃபைபர் கிடையாது. அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட், நாளைக்கு இத்தனை ஜிபி என்ற பேக். அக்னி நட்சத்திர வெயிலில் கரண்ட் போய் வருகிற மதியத்தில், முக்கால்வாசி இறங்கினதும் நெட் தீர்ந்துவிட்டால் மறுநாள் வரைக்கும் சும்மா உட்காரவேண்டியதுதான். லேப்டாப் பள்ளியில் அரசு கொடுத்த பழசு, அண்ணனுடையது. நிரல் எழுதுகிறவர் மேஜையில் இருக்கிற கணினியை வைத்து இவளை அளக்காதீர்கள்.

இதில் ஜிடால் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்ன மாறியது என்று ஒவ்வொரு பதிப்புக்கும் எழுதித்தான் வைக்கிறார்கள். எனக்குக் கோபம், திட்டப் பணம் வாங்கி, கட்டுரை போட்டு, ‘நிரல் அனைவருக்கும் கிடைக்கிறது’ என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பெயர் வாங்கிக்கொள்கிறவர்கள் மேல். அந்த நிரலை ஒருமுறை கூட ஓட்டிப் பார்க்காமல் கட்டுரைக்குச் சரி சொல்கிற மதிப்பீட்டாளர்கள் மேல். “இன்னும் இன்ஸ்டாலே பண்ணலையாமா?” என்று மற்ற பிள்ளைகள் முன்னால் கேட்கிற வழிகாட்டிகள் மேல். அவள் அழுதுவிட்டு என் அறைக்கு வந்தாள். அவள் செய்துகொண்டிருந்தது வேலைதான் சார். உங்கள் கட்டுரையில் விடுபட்ட பக்கத்தை அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

உபுண்டுவில் இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, பிப்பை விடுங்கள். உபுண்டுவின் சொந்த நிறுவு கருவியான ஆப்ட் வழியாக ‘பைதான்3-ஜிடால்’ பொதியைப் போடுங்கள். உபுண்டுக்காரர்கள் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தது, கோண்டா சூழலைவிட மிகச் சின்னது. பிறகு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு வேலைக்கான பொதிகளைத் தனியாக வைக்கிற இடம்) உருவாக்கும்போது ‘சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்’ சேர்த்து உருவாக்குங்கள், மேலே மற்றதைப் போடுங்கள், நம்பையை 2-க்குக் கீழேயே பூட்டிவையுங்கள். பழைய ஃபோர்ட்ரான் மொழி நிரல் எதையாவது கம்பைல் செய்யும்போது, ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் (பதிப்பு 10 முதல்) துணைநிரலுக்குக் கொடுக்கிற மதிப்பின் வகை பொருந்தவில்லை என்று நின்றால், ‘அலோ-ஆர்கியுமென்ட்-மிஸ்மேட்ச்’ கொடியைச் சேருங்கள். முடிந்ததும் ஆயமுறையின் வரிசையைப் பாருங்கள்; உங்கள் ஊர் வரைபடத்தில் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

நிரல் வெளியிடுகிறவர்களே, எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த மாதம் ஓடியது என்று எழுதுங்கள். ஒவ்வொரு பொதிக்கும் எண் போடுங்கள். கணினி நூலகங்களின் பெயரையும் டெவ் பொதிகளையும் தனியாக எழுதுங்கள். புதிதாக நிறுவின வெற்றுக் கணினியில், உங்கள் மாணவர் இல்லாத வேறொருவரை உட்காரவைத்து, பக்கத்தில் நிற்காமல், நீங்கள் எழுதினதை மட்டும் படித்து ஓட்டச் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு போன் போடாமல் முடித்துவிட்டால் வெளியிடுங்கள்.