மாரி மழையும் மரத்துப்போன விரலும்

மட்டக்களப்பில் குளிரா என்று நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி, தையிலும் இங்கே 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதுதான். ஆனால் வாடைக்காற்று அடிக்கும்போது நனைந்த கையோடு கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பார்த்தால் தெரியும். ஈரம் காய்கிற சாக்கில் கையில் இருக்கிற சூட்டையும் காற்று கொண்டுபோய்விடுகிறது. பிரேக்கில் நீட்டி வைத்திருக்கிற விரல்கள்தான் முதலில் மரக்கும். அவைதான் அவசரத்துக்கு வேண்டியவை!

உடம்புக்கு ரெயின்கோட், தலைக்கு ஹெல்மெட், கைக்கு மட்டும் நாதியில்லை. கடையில் கையுறை கேட்டால் வெயிலுக்குப் போடுகிற துணிக் கையுறையைத் தூக்கிப் போடுகிறார்கள். அது முதல் தூறலிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டு, களுவாஞ்சிகுடி வரைக்கும் அந்த ஈரத்தைக் கையிலேயே கட்டிவைத்திருக்கும். தோல் கையுறை நனைந்தால் இலேசில் காயாது. காயவைக்க வெயில்தான் எங்கே? போதாக்குறைக்கு, ரெயின்கோட்டின் கைவழியே வழிகிற தண்ணீர் நேராகக் கையுறைக்குள்தான் இறங்கும்.

கடைசியில் சொப்பிங் பேக்கைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பான்ட் போடவேண்டியதுதான். காற்று புகாது, சரி. ஆனால் வழுக்கும். ஹோர்ன் அடிக்கப் போனால் சிக்னல் விழும்.

குளிர் நாடுகளில் ஹாண்டிலுக்கே உறை மாட்டுகிறார்கள், பிடிக்குள் சூடேற்றும் கம்பி வைக்கிறார்கள். இங்கே அதைக் கேட்டால், "ஆருக்கு மனே இதெல்லாம் விக்கிற?" என்கிறார் கடைக்காரர்.