பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள்

"ஏழு வயசுப் பையனுக்குச் சொல்ற மாதிரி கதை ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கர்ணன் சாகிற கதையைச் சொல்லும் கர்ண மோட்சம் தெருக்கூத்துக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

எங்கள் செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து, விடிய விடிய. பாய் விரித்து இடம் பிடிக்க, சாயங்காலமே பிள்ளைகளான எங்களைத்தான் அனுப்புவார்கள்.

அந்த வயதில் எனக்குக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒருவனே போதும். ராஜா வருகிறார் என்று அறிவிக்க வந்தவன் ராஜாவையே கிண்டலடிப்பான். நடுவில் ஊரில் காணாமல்போன ஆட்டின் கதையையும் செருகுவான். (சில நேரம் ரொம்பப் பச்சையாகவும் பேசுவான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) அப்புறம் இரண்டு பேர் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். உள்ளிருந்து பாட்டும் சலங்கைச் சத்தமும் வரும். முகவீணை என்கிற ஊதுகுழல் கீச்சென்று ஏற, திரை விலகி, தோளில் கட்டிய புஜக்கட்டையோடு கர்ணன் சுழன்று ஆடும்போது கிளம்பும் புழுதி முன்வரிசையில் இருக்கிற எங்கள் வாயில்தான் விழும். அதற்காகவே முன்வரிசையில் உட்காருவோம்.

போருக்குப் போகுமுன் விடைபெற வரும் கர்ணனைத் தேரோட்டி மகன் என்று அவன் மனைவி பொன்னுருவி முகம் கொடுக்காமல் விரட்டுவாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. கல்லூரிக்குப் போன பிறகு அதே காட்சியில் சாதி தெரிந்தது. பக்கத்தில் பொடிசுகள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தன.

இப்போது குழந்தைக் கதை என்று விற்கிற பலவற்றில் சாவு இல்லை, அவமானம் இல்லை, அம்மா பிள்ளைக்குச் செய்கிற துரோகம் இல்லை. எல்லாவற்றையும் உரித்தெடுத்துவிட்டுச் சக்கையைத் தருகிறார்கள். பெரியவர்களுக்கு அதைக் கேட்க அலுப்பு. பிள்ளைகளுக்கும் அலுப்புதான், சொல்லத் தெரியவில்லை. கூத்து வாத்தியார் எங்களுக்காக ஒரு வரியைக்கூடக் குறைக்கவில்லை. புரியாத இடம் வந்தால் தூங்கிவிடுவோம், அவ்வளவுதான். மறுவருஷம் அதே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக விழித்திருப்போம்.

பாட்டி எங்களுக்கு நேர் எதிர். கட்டியங்காரன் வரும்போதே சுருண்டு படுத்துவிடுவாள். "குந்தி வர்றப்ப எழுப்புடா" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். கிழக்கு வெளுக்கும் நேரம், சாகக் கிடக்கும் கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு குந்தி அழுவாள். வேஷம் கட்டியவர் ஆண், மேலுதட்டில் அரிதாரம் கரைந்து மீசைத் தடம் தெரியும். பாட்டிக்கு அதெல்லாம் கண்ணில் படாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். எத்தனையோ வருஷம் பார்த்த கதை. அப்பாவுக்கு மூத்ததாக ஒரு பிள்ளை பிறந்து தவறிப்போனதை அவள் செத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

நண்பருக்கு மறுபடி சொல்லியிருக்கிறேன். எங்கள் செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தில், கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக வருஷா வருஷம் விடிய விடியக் கூத்து நடக்கிறது. பையனை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவன் பாட்டியையும் கூட்டிப்போங்கள்.