அருத்தாபத்தி

போன வாரம் திருச்சியில் மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் படியில் நின்று "மதுரை, மதுரை, பைபாஸ்" என்று கூவிக்கொண்டிருந்தார். கூடையோடு ஏற வந்த ஒரு பாட்டி, முதல் படியில் கால் வைத்தவர், அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்ததும் இறங்கிவிட்டார். "நான் மேலூர்ல இறங்கணும்யா" என்றார். வண்டி மேலூருக்குள் போகாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பைபாஸ் என்ற ஒரு சொல்லை வைத்து மிச்சத்தை அவரே பிசகில்லாமல் எடுத்துக்கொண்டார்.

பாட்டி செய்த இந்தக் காரியத்துக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: அருத்தாபத்தி. பழைய உரைகளைப் புரட்டுகிறவர்கள் தவிர வேறு யாரும் இதை இப்போது எழுதி நான் பார்த்ததில்லை. அர்த்தம், ஆபத்தி என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. ஆபத்து என்ற சொல் நினைவுக்கு வரும். வேர் ஒன்றுதான், ஆனால் இங்கே ஆபத்தி என்றால் வந்து சேர்வது. சொன்ன பேச்சு நிற்க வேண்டுமானால், சொல்லாத ஒரு பொருள் தானாக வந்து சேர்ந்தே ஆக வேண்டும். அப்படி வந்து சேர்வதுதான் அருத்தாபத்தி.

மணிமேகலையில் இது வருகிறது. 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிற அளவைவாதி, ஒன்றை அறிந்துகொள்ளப் பத்து வழிகளைச் சொல்கிறான். இந்த வழிகளுக்குத்தான் அளவை என்று பெயர். காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உவமம் (ஒப்பிட்டு அறிவது), ஆகமம் (நூல் சொல்வது) ஆகிய நான்குக்கும் அடுத்து வருவது அருத்தாபத்தி. அதற்கு அவன் தரும் உதாரணம்: ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கங்கைக் கரையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது. தண்ணீருக்குள் மாட்டுக்கொட்டில் இருக்க முடியாது. சொன்னவரும் பொய் சொல்லவில்லை. அப்போது கரை வந்துதான் தீர வேண்டும். (வடமொழி அணிநூலார் இதே கங்கை உதாரணத்தை லட்சணைக்கு, அதாவது ஒரு சொல் தன் நேர்ப்பொருளை விட்டு அதை ஒட்டிய பொருளைக் குறிப்பதற்கு, காட்டுவார்கள். எல்லை அவ்வளவு மெல்லியது.)

வேதத்துக்குப் பொருள் ஆராயும் தத்துவ மரபினரான மீமாஞ்சகர்கள் காட்டும் உதாரணம் வேறு. தேவதத்தன் பகலில் உண்பதில்லை. ஆனால் பருத்திருக்கிறான். இரண்டும் உண்மையென்றால் அவன் இரவில் உண்கிறான். இது தனி அளவையே கிடையாது, அனுமானத்துக்குள் அடங்கிவிடும் என்பது தர்க்க மரபினரான நியாயத்தாரின் வாதம். சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் அருணந்தி சிவாசாரியாரும் இதற்குப் 'பொருள்' என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டு, கடைசியில் எல்லா அளவைகளும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார்.

என் மனம் மீமாஞ்சகர் பக்கம்தான் சாய்கிறது. மலையில் புகையைப் பார்த்து நெருப்பு இருக்கிறது என்று சொல்ல, அடுப்படியில் புகையையும் நெருப்பையும் முன்பே சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். அருத்தாபத்திக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை. ஒன்றோடொன்று முட்டுகிற இரண்டு உண்மைகள் கையில் இருக்கின்றன. முட்டாமல் இரண்டையும் நிறுத்த ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆகவே அந்த வழியை ஏற்கிறோம். அந்த 'ஒரே ஒரு வழி' என்ற நிபந்தனையில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. வேறொரு வழி இருந்துவிட்டால் அது அருத்தாபத்தி ஆகாது, வெறும் யூகம்.

அனுமானம் என்ற சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். அளவை நூல்களில் அது காரணம் காட்டி நிறுவுவது. இன்றைக்குச் செய்தித்தாளில் "என அனுமானிக்கப்படுகிறது" என்று வந்தால், எவருக்கும் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். "சும்மா ஒரு அனுமானம்தான்" என்கிறோம். நிறுவுவதற்கும் யூகிப்பதற்கும் ஒரே சொல்லைப் புழங்கிப் புழங்கி, இரண்டும் ஒன்றுதான் என்று மனமும் நம்பிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தொல்காப்பியர் இதற்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும் ஒரு விதியைச் சொல்லதிகாரத்தில் வைத்திருக்கிறார். "எடுத்த மொழி இனம் செப்பலும் உரித்தே." எடுத்துச் சொன்ன சொல், சொல்லாத தன் இனத்தையும் சொல்வது உண்டு. உரையாசிரியர்கள் கோழிச்சண்டையைக் காட்டுகிறார்கள்: கீழ்ச்சேரிக் கோழி அலைத்தது, அதாவது தாக்கியது, என்றால், மேற்சேரிக் கோழி அடிபட்டது என்பதைத் தனியே சொல்ல வேண்டாம். சரி, இதுவரை எளிது. 'செப்பலும்' என்பதில் இருக்கும் 'உம்' என்ற உம்மையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அடுத்துச் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எல்லா இடத்திலும் இனம் செப்பாது என்கிறார்கள். "ஆ வாழ்க, அந்தணர் வாழ்க" என்று ஒருவர் வாழ்த்தினால், மற்ற விலங்குகளும் மற்ற மனிதர்களும் சாகட்டும் என்பது அவர் கருத்தாகாது.

இந்த இடத்தைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இங்கே தினமும் நடப்பது இதுதானே? ஒருவர் ஒரு கவிஞரைப் பாராட்டினால் "அப்போ மற்றவர்கள் எழுதுவதெல்லாம் குப்பையா?" என்று வருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை வாழ்த்தினால், தனியார் பள்ளிப் பிள்ளைகளைத் திட்டியதாக எடுத்துக்கொள்கிறார்கள். கோழிச்சண்டையில் ஒன்று அடித்தால் மற்றது அடிபட்டே ஆக வேண்டும். வாழ்த்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கல்லூரி முடித்த வருடம் திடீரென்று எடை கூடிக்கொண்டே போனது. சாப்பாட்டைக் குறைத்தாள், அப்படியும் கூடியது. ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் இருந்த உறவுக்காரப் பெண்மணி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இங்க கொறிக்கிறா, ராத்திரி யாருக்கும் தெரியாம சாப்பிடுவாளோ என்னவோ" என்றார். அவள் பாதி இலையில் எழுந்துவிட்டாள்.

அப்படியே தேவதத்தன் கதை. பகலில் உண்ணவில்லை, பருத்திருக்கிறாள், ஆகவே இரவில் உண்கிறாள். ஆனால் இன்னொரு வழி இருந்தது. சில மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைபாடு என்று வந்தது. அந்தப் பெண்மணி சொன்னது அருத்தாபத்தி போலவே இருந்த யூகம். வேறு வழி உண்டா என்ற ஒரு கேள்வியை அவர் தனக்குள் கேட்டிருந்தால் போதும்.

அதனால்தான் இந்தச் சொல் திரும்பிப் புழக்கத்துக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வடசொல்தானே என்று சிலர் தயங்கலாம். சித்தியார் வழியில் 'பொருள்' என்றால் இன்றைக்கு யாருக்கும் விளங்காது. 'உய்த்துணர்வு' நல்ல சொல்தான், ஆனால் அது எல்லாவகை ஊகிப்பையும் சேர்த்து அணைத்துக்கொள்கிறது. அருத்தாபத்தி மணிமேகலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்ட சொல், நம் வீட்டுச் சொல்தான். உங்களுக்கு நாவில் புரளாவிட்டால் வேறொன்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அந்த நிபந்தனை மட்டும் அதற்குள் இருக்க வேண்டும்.

தங்கை இப்போது நன்றாக இருக்கிறாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. கல்யாண வீடுகளுக்கு வருகிறாள். பந்தியில் மட்டும் இன்னும் என் பக்கத்து இலையில்தான் உட்காருவாள்.