திறந்திருக்கிறது, ஆனால் காணோம்

இரண்டாவது மானிட்டரைக் கழற்றி மூன்று நாள் ஆகிறது. இந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஐகானைக் கிளிக் செய்தால் டாஸ்க்பாரில் அடியில் கோடு விழுகிறது. திறந்துவிட்டதாம்! எங்கே? மௌஸைக் கொண்டுபோனால் குட்டிப் படமாக எட்டிப் பார்க்கிறது, கிளிக் செய்தால் மாயம்.

கடைசியாக மூடிய இடத்தை எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. முதன்மைத் திரையின் இடது ஓரம்தான் பூஜ்ஜியம்; கழற்றிய திரை அதற்கு இடப்பக்கம் 1920 பிக்சல் அகலத்தில் இருந்தது என்றால், மைனஸ் எண்ணில் எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இப்போது திரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் குறைந்தா போய்விடும்?

ரீஸ்டார்ட் செய்தும் அதே கதை. கடைசியில் ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, நகர்த்துவதற்கான எம் எழுத்தைத் தட்டி, அம்புக்குறி ஒன்றைத் தொட்டு, மௌஸை அசைத்தேன். கர்சரில் ஒட்டிக்கொண்டு ஓரத்திலிருந்து சாவகாசமாக வந்தது ஜன்னல். (பெரிதாக்கி வைத்திருந்தால் இதுவும் நடக்காது, முதலில் ரீஸ்டோர் செய்ய வேண்டும்.)

சரி, கிடைத்ததே என்று வேலையை முடித்து சேவ் கொடுத்தேன். பெயர் கேட்கும் பெட்டியைக் காணோம்.