குணா குகை, 33 வருஷம், அப்புறம் நம்ம டார்க் தியரி ஆளுங்க

குணா படம் ரிலீஸ் ஆனது 1991 நவம்பர் 5, தீபாவளிக்கு. மஞ்சும்மல் பாய்ஸ் வந்தது 2024. கழிச்சுப் பாருங்க, 33. ரெண்டு படத்துலயும் எங்க கொடைக்கானல்ல இருக்கிற அதே குகை. இப்போ டார்க் சீரிஸ்க்கு வாங்க, நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த ஜெர்மன் டைம் டிராவல் கதை, அதுல மிக்கேல்ங்கிற சின்னப் பையன் 2019ல காணாம போய் குகை வழியா வேற காலத்துல வெளிய வர்ற தேதி என்ன? 1986 நவம்பர் 5. அங்கயும் குகை, அங்கயும் 33 வருஷம், அங்கயும் நவம்பர் 5. இன்னும் இருக்கு. மஞ்சும்மல் பசங்க நிஜமாவே அந்தக் குழியில மாட்டினது 2006, அது மலையில குறிஞ்சி பூத்த வருஷம். எங்க ஊரு சோலார் அப்சர்வேட்டரி ஆரம்பிச்சது 1899, டார்க் எடுத்த பரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீஸ ஜோடி அடுத்து எடுத்த சீரிஸ் பேரே 1899.

சிலிர்க்குதா? இந்த தியரியை எங்க ஊரு மூஞ்சிக்கல்ல ஒரு கடையில உக்காந்து டீ ஆறுறதுக்குள்ள பண்ணேன், எங்க ஊர்க் குளிர்ல டீ எவ்ளோ சீக்கிரம் ஆறும்னு வந்தவங்களுக்குத் தெரியும்.

(டார்க் முழுசா பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க, கீழ எல்லாத்தையும் உடைக்கப் போறேன், அப்புறம் வந்து திட்டாதீங்க.)

இந்த தியரியில நான் எதையெல்லாம் சொல்லாம விட்டேன்னு யாராவது கேட்டீங்களா? மஞ்சும்மல் பாய்ஸ் வந்தது பிப்ரவரியில, அதனால சரியா கணக்குப் போட்டா 32 வருஷமும் மூணு மாசமும் சொச்சமும்தான். டார்க்ல அந்தக் கணக்கு நாள் பிசகாம இருக்கும், இங்க மாசக்கணக்குல இடிக்குது. குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை, 2006, 2018, அடுத்து 2030, இதுக்கும் 33க்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. ஆனா 2006ன்னு சொன்னவுடனே ஒரு எஃபெக்ட் கிடைக்குதுல்ல, அதுக்காக உள்ள போட்டேன். பொருந்துறத எடுத்து முன்னாடி வை, பொருந்தாதத பேசாத, அவ்ளோதான் டெக்னிக். சீரிஸ் முடிஞ்சு இத்தனை வருஷம் ஆகியும் என் செட்டு ஆளுங்க பாதிப் பேரு இன்னும் இதைத்தான் பண்ணிட்டு இருக்காங்க, எங்க ரெண்டு 3 பக்கத்துல பக்கத்துல வந்தாலும் போட்டோ புடிச்சு அனுப்புறானுங்க, பஸ் நம்பர் உட்பட.

33ங்கிற நம்பரே சும்மா வந்தது இல்ல, அதாவது தெரியணும். சீரிஸ்லயே சொல்றாங்க, 33 வருஷத்துக்கு ஒரு தடவை சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் ஒண்ணா வந்து சேருதுன்னு. இதுக்கு ஜெர்மனி வரைக்கும் போக வேணாம், நம்ம ஊர் பள்ளிவாசல்ல கேட்டாலே சொல்லிடுவாங்க. பிறை வருஷம் 354 நாள்தான், அதனால ரம்ஜான் வருஷா வருஷம் சுமார் 11 நாள் முன்னாடி வந்துட்டே இருக்கும், மார்கழிக் குளிர்ல நோன்பு வச்ச ஆளு சித்திரை வெயில்லயும் வைப்பாரு, அப்படியே சுத்தி பழைய இடத்துக்கு வர்றதுக்கு 33 வருஷம் ஆயிடும். எனக்கு இது சீரிஸ்ல வர்ற எந்த முக்கோண சின்னத்தை விடவும் பெரிய விஷயமா தெரியுது, ஆனா இதைப் பத்தி பேசுனா நம்மாளுங்களுக்கு போர் அடிக்குது, ஏன்னா இதுல கண்டுபுடிக்க ரகசியம் எதுவும் இல்ல.

நான் தியரிக்கே எதிரின்னு நெனச்சுடாதீங்க. மூணு சீசன், 26 எபிசோட், அதுல யாரு யாருக்குப் பொறந்தவங்கன்னு நோட்டுல படம் போட்டுதான் நானும் பாத்தேன். நான் சொல்றது என்னன்னா, தோத்துப் போக வாய்ப்பு இருக்கிற தியரிதான் தியரி. உதாரணத்துக்கு பார்டோஷ்ங்கிற பையன்தான் பெரியவனாகி நோவாங்கிற பாதிரியார் ஆவான்னு ஒரு தியரி ரெண்டாவது சீசன் வரைக்கும் செம ஓட்டம் ஓடுச்சு. மூணாவது சீசன்ல உடைஞ்சுது, பார்டோஷ் நோவா இல்ல, நோவாவோட அப்பா. தியரி தப்பு, ஆனா எவ்ளோ கிட்ட வந்திருக்கு பாருங்க! அதைச் சொன்னவன் மூஞ்சி ஜாடையைப் பாத்தான், யாரு எந்த வீட்டுல இல்லன்னு பாத்தான், அப்புறம் ஒரு பேர் மேல காசு கட்டினான். ஆம், இல்லன்னு ஒரு பதில் வந்துச்சு. அவனை நான் மதிக்கிறேன்.

இதை விட நல்லது ரெஜினா மேட்டர். ரெஜினாவோட அப்பா யாரு? அவ அம்மா கிளாடியாவுக்கும் ட்ரோன்டேக்கும் தொடர்பு இருந்ததால எல்லாரும் ட்ரோன்டேதான்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா ட்ரோன்டே அந்த முடிச்சுக்குள்ளயே, அதாவது காலம் தாண்டிப் போனவங்களால சுத்திச் சுத்திப் பின்னிக்கிட்ட அந்தக் குடும்பச் சிக்கலுக்குள்ளயே பொறந்தவரு, ஹீரோ யோனாஸ், அவன் காதலிக்கிற மார்த்தா ரெண்டு பேரோட பையனுக்குப் பொறந்தவரு, அப்போ அவரு ரத்தம் இருக்கிற யாருமே முடிச்சு அவிழ்ந்ததும் இருக்க முடியாது. கடைசியில பாத்தா அப்பா பெர்ன்ட் டாப்ளர். அதனாலதான் கடைசி சீன்ல டின்னர் டேபிள்ல ரெஜினா உக்காந்திருக்கா. அந்த டேபிள்ல இருக்கிற ஆறு பேரையும் வச்சு சரி பாருங்க, ரெஜினா, கத்தரினா, ஹன்னா, பீட்டர், பெனி, வோலர், ஒருத்தர் கூட அந்த முடிச்சுல பொறந்தவங்க இல்ல. உல்ரிச் இல்ல, ஷார்லட் இல்ல. ஒரு ஆளு தப்பா உக்காந்திருந்தாலும் கதை மொத்தமும் சரிஞ்சிருக்கும். மறைஞ்சிருக்கிற தொடர்புன்னா எனக்கு இதுதான், அதுவும் சொந்தத்துலதான் இருக்கு, நம்பர்ல இல்ல.

அதனாலயே நம்ம ஊர்க்காரங்களுக்கு டார்க் மத்தவங்களை விட நல்லா புரியும்னு எனக்கு ஒரு நெனப்பு. வெளிநாட்டுக்காரன் அதைப் பாத்துட்டு தல சுத்துதுன்னு சொல்றான், நாங்க பெருமாள்மலையில இருந்து பூம்பாறை வரைக்கும் எந்தக் கடையில நின்னாலும் "நீ யாரு மகன், எந்த வீடு"ன்னு ஆரம்பிச்சு மூணு நிமிஷத்துல மாமனா மச்சானான்னு முடிவு பண்ற ஆளுங்க. ஒரு நாள் பெரியம்மாவுக்கு கதையைச் சொன்னேன், யோனாஸோட அப்பாதான் காணாம போன அந்தப் பையன் மிக்கேல், மிக்கேலோட அக்காதான் யோனாஸ் காதலிக்கிற மார்த்தான்னு. பெரியம்மா பூண்டு உரிச்சுட்டே ஒரே வார்த்தை, "அப்போ அவ இவனுக்கு அத்தைடா". ஆமா பெரியம்மா. "அத்தை மகளா இருந்திருந்தா தாலி கட்டி முடிச்சிருக்கலாம், அத்தையவே பண்ணா ஊரு அழியாம என்ன பண்ணும்." நான் ஒரு வாரம் நோட்டுல கோடு போட்டு கண்டுபுடிச்சதை அவங்க முறை வச்சு அங்கயே முடிச்சுட்டாங்க. அடுத்து ஷார்லட்டோட பொண்ணு எலிசபெத்துதான் ஷார்லட்டுக்கே அம்மான்னு சொன்னேன், எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

இன்னொண்ணும் ஒத்துக்கணும், நம்மள இப்படி ஆக்கினதுல எடுத்தவங்க பங்கும் இருக்கு. கதையில மிக்கேல் பெரியவனாகி தற்கொலை பண்ணிக்கிற நாள் 2019 ஜூன் 21, ரெண்டாவது சீசனை அதே நாள்ல விட்டாங்க. உலகம் அழியிற நாள் 2020 ஜூன் 27, மூணாவது சீசனை அன்னைக்கு விட்டாங்க. அப்புறம் எவன் சும்மா இருப்பான், காலண்டர்ல இருக்கிற எல்லா தேதியும் சந்தேகமாத்தான் தெரியும். ஆனா அவங்களே நம்மள நல்லா கலாய்ச்சும் விட்டிருக்காங்க. போலீஸ்காரர் வோலரோட கண்ணுக்கு என்னாச்சுன்னு முதல் சீசன்ல இருந்து எல்லாரும் மண்டைய ஒடைச்சுக்கிட்டோம், கடைசி டின்னர்ல அவரு வாயத் தொறந்து சொல்ல ஆரம்பிப்பாரு, கரெக்டா கரண்ட் போயிடும். நான் அதைப் பாக்கிறப்போ எங்க ஏரியாவுலயே கரண்ட் போயிடுச்சோன்னு ஒரு செகண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன், மழை சீசன்ல இங்க அப்படித்தான். இதுக்கும் தியரி வச்சிருக்காங்க சில பேரு. டேய், அது ஜோக்குடா, உங்களுக்காகவே போட்ட ஜோக்கு.

கடைசியா 1899. என் செட்டுல ஹோம்ஸ்டே நடத்துற ஒருத்தன் இருக்கான், டார்க்ல நடந்த எல்லாமே அந்த 1899 சீரிஸ்ல வர்ற கப்பல் மாதிரி ஒரு சிமுலேஷன்தான்னு அடிச்சு சொல்றான். ஆதாரம் என்னன்னா அங்கயும் முக்கோணம் இங்கயும் முக்கோணம், பெரிய யோனாஸா நடிச்ச அதே ஆந்த்ரேயாஸ் பீட்ஷ்மான்தான் அங்க கேப்டன். ஒரே டைரக்டரு தனக்குப் பிடிச்ச நடிகரை மறுபடி கூப்பிட்டா அது மல்டிவெர்ஸ்னா, நம்ம கோலிவுட்டுல பாதிப் படம் ஒரே யுனிவர்ஸ்தான். நான் அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன், எது நடந்தா உன் தியரி தப்புன்னு ஒத்துக்குவ? 1899 ரெண்டாவது சீசன் வரட்டும், அப்போ பாருங்கறான். எட்டு எபிசோடோட நெட்ஃப்ளிக்ஸ் அதை 2023 ஜனவரியிலயே கேன்சல் பண்ணிடுச்சு, அது அவனுக்கும் தெரியும், அதனாலதான் அவ்ளோ தைரியமா சொல்றான்.