உப்புப் பாக்கெட்டும் வலி மாத்திரையும்

வாழைத்தண்டுச் சாற்றை வெறும் வயிற்றில் ஒரு வாரம் குடித்தால் சிறுநீரகம் புதிதாகிவிடும் என்று ஒரு காணொளி மறுபடியும் சுற்றி வருகிறது. அனுப்புகிறவர்கள் எல்லாரும் நம்மேல் அக்கறை உள்ளவர்கள். அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிறுநீரகத்தில் கழுவி எடுக்கும்படி அழுக்கு எதுவும் தேங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றிவிட்டு, மீதி அத்தனையையும் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அந்த வடிகட்டிகள் தழும்பாகிவிட்டால் எந்தச் சாறும் அவற்றை மீட்டுத் தராது. அவற்றைப் பெருமளவில் கெடுப்பவை கட்டுக்கு வராத சர்க்கரையும் உயர் ரத்த அழுத்தமும். அதற்கு மேல் நாம் கைக்காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பவை இரண்டு: வலி மாத்திரை, உப்பு. இந்த நான்கையும் அப்படியே விட்டுவிட்டுச் சாறு குடிப்பது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து.

என் பெரியப்பாவுக்குத் துணையாக டயாலிசிஸ் பிரிவுக்குப் பலமுறை போயிருக்கிறேன். உள்ளே வருகிறவர்கள் முதலில் எடை மெஷினில் ஏறுவார்கள். போன முறை முடிந்து இறங்கியபோது இருந்த எடையைவிட இன்று எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவும் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தங்கிய நீர். இரண்டரை கிலோ, மூன்று கிலோ என்று நர்ஸ் குறித்துக்கொள்வார். பிறகு கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் புடைத்து நிற்கும் நரம்பில் இரண்டு தடித்த ஊசிகள் ஏறும். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த நரம்பின்மேல் விரலை வைத்தால் ரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். வீட்டில் பெரியப்பாவுக்கு நாள் முழுவதற்கும் முக்கால் லிட்டர்தான் அனுமதி. காப்பி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்குக்குள். பெரியம்மா காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவார். சித்திரை வெயிலில் பெரியப்பா அந்தப் பாட்டிலை எடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குடிக்காமலே கீழே வைப்பார்.

அங்கே காத்திருக்கும் இடத்தில் பேச்சுக் கொடுத்தால் இரண்டு கதைகள்தாம் திரும்பத் திரும்ப வரும். "சர்க்கரை இருந்தது, ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, மாத்திரையை விட்டுவிட்டேன்" என்பது ஒன்று. "முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்" என்பது மற்றொன்று.

அந்த இரண்டாவது கதைதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. எந்த ஊர்க் கடைவீதியிலும் மாலை நேரத்தில் மருந்துக் கடைமுன் நின்று பாருங்கள். "உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்கள்" என்பார் வேலை முடிந்து வந்தவர். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று அட்டையிலிருந்து கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெயர் இருக்கும் பக்கம் அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். அதில் டைக்ளோஃபினாக் இருக்கலாம், அசிக்ளோஃபினாக் இருக்கலாம், இபுப்ரோஃபென் இருக்கலாம். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களை விரித்து வைத்திருப்பதற்காக உடல் ஒரு பொருளைச் சுரக்கிறது. வலியைக் குறைக்கும்போதே இந்த மாத்திரைகள் அந்தச் சுரப்பையும் அடக்கிவிடுகின்றன. நாளெல்லாம் வெயிலில் நின்று நீர் வற்றிய உடம்பில், ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்த ஓட்டம் இன்னும் குறைகிறது. ரத்த அழுத்தத்துக்கும், நீர் பிரிவதற்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். "கூடவே கேஸ் மாத்திரையும் போட்டுக்கொள்கிறேனே" என்று பலர் சமாதானம் சொல்வார்கள். அது வயிற்றுக்குக் காவல். சிறுநீரகத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். மாதக்கணக்கில் வலி இருந்தால் வலிக்குக் காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். செட் மாத்திரை அதைப் பார்க்க விடாது.

உப்புக்கு வருவோம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராம் கணக்கில் யாரும் சமைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். மளிகைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் காலியானால், தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஐந்து கிராமுக்குள் நிற்க வேண்டுமானால் அந்தப் பாக்கெட்டில் மாதம் 600 கிராம்தான் செலவாக வேண்டும். அதுவும் கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், பிஸ்கட் எதையும் சேர்க்காத கணக்கு. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான்.

இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் மன்னிக்க வேண்டும், அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரும் வாழைத்தண்டும் நல்லவைதாம், ஆனால் அவற்றிலும் பொட்டாசியம் உண்டு. எனவே டயாலிசிஸில் இருப்பவருக்கு அன்போடு இளநீர் வாங்கிப் போவது அவருக்குக் கெடுதலாக முடியலாம்.

எங்கள் வீட்டில் செய்த மாற்றம் மிகச் சிறியது. சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதில்லை, தயிர்சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதில் வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும், அப்பளம் விருந்து நாளில் மட்டும். முதல் சில நாட்கள் சப்பென்றுதான் இருந்தது. நாக்கு பழகிக்கொள்கிறது.

இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். கேரளத்தில் கொழுப்புக் குறையும் என்று நம்பி இரும்பன்புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் கெட்டியாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் படிகமாகி உள்ளே படிந்துவிட்டது. 2023-இல் அதே மாநிலத்தின் மலப்புரம் மாவட்டத்தில் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் வந்தது. அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. தோலில் பூசியதே அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

சிறுநீரகம் பெரும்பாலும் வலித்துச் சொல்லாது. அதனால் சோதனைதான் வழி. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்து, 'நார்மல்' என்று அச்சடித்திருந்தால் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். 25 வயது இளைஞருக்கு கிரியாட்டினின் 1.1 இருந்தால் அவருடைய வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 மில்லிலிட்டர். அதே 1.1 எழுபது வயது அம்மாவுக்கு இருந்தால் திறன் 54 தான். மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆகவே அறிக்கையில் இந்தத் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதோடு சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பாருங்கள், கிரியாட்டினின் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டையும் பார்ப்பது கட்டாயம்.

இதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டும் என்பதில்லை. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி பல ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டினார். சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தார்கள். நோய் தெரிந்தவர்களுக்கு மலிவான பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. பெரும்பாலானவர்களுக்கு அழுத்தமும், ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன. இன்று தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக வீட்டு வாசலுக்கே சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வருகின்றன. வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்துவிடாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகத் தண்ணீர். வெயிலில் உழைப்பவருக்கும் ஏ.சி. அறையில் இருப்பவருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் குடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவின் கரும்புக் காடுகளில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத இளம் தொழிலாளர்கள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். வெயிலில் விடாத உழைப்பும் நீர் வறட்சியும் முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன. நம் உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்பத்தின் பாதிப்பையும் சிறுநீரகச் செயல் குறைவையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கழிவறை இல்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள்.

ஜவுளிக்கடைகளிலும் இதே நிலைதான். நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கழிவறைக்குப் போய்வர அனுமதி கேட்டு நிற்கும் நிலை மட்டும் பல கடைகளில் இன்னும் மாறவில்லை. அவர்களிடம் போய் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை சொல்வதில் அர்த்தம் இல்லை. ஆடித் தள்ளுபடிக்கோ தீபாவளிக்கோ துணி எடுக்கப் போகும்போது, பில் போடும் இடத்தில் மேலாளரைப் பார்த்துக் கேளுங்கள்: இந்த மாடியில் வேலை செய்பவர்களுக்குக் கழிவறை எங்கே இருக்கிறது, நினைத்த நேரத்தில் அவர்களால் போக முடிகிறதா?