சுத்துமாத்து நாவலும் சுத்துமாத்து விற்பனையும்

பழைய ஆங்கிலக் குற்ற நாவல்களில் சுத்துமாத்துக்காரர் கதைகளுக்குத் தனி மவுசு இருக்கிறது. கெட்டி அட்டை, மேலுறை கிழியாத பிரதி என்றால் விலை எங்கேயோ போய் நிற்கும். கதைக்குள் நடக்கும் பேய்க்காட்டல் போதாதென்று, அந்தப் புத்தகத்தை விற்பதிலும் அதே வேலை நடக்கிறது. "முதற்பதிப்பு" என்று விற்பவர் எழுதியிருப்பதை மட்டும் நம்பி ஒரு சதமும் அனுப்பாதீர்கள். பதிப்புரிமைப் பக்கம், மேலுறையின் முன் உள்மடிப்பு, உறையைக் கழற்றிவிட்டு எடுத்த பின்னட்டை ஆகிய மூன்றின் படங்களையும் கேளுங்கள். தர மறுத்தால் ஆளை விட்டுவிடுங்கள்.

பின்னட்டை எதற்கு? அமெரிக்க புக் கிளப் பிரதிகள், அதாவது சங்க உறுப்பினர்களுக்கென மலிவாக அச்சிட்டவை, பலவற்றில் அதன் கீழ்மூலையில், முதுகுப் பக்கமாக, உளுந்தளவு ஒரு பள்ளம் அழுத்தியிருக்கும். உள்மடிப்பில் விலை இராது. கீழே "புக் கிளப் எடிஷன்" என்று இருக்கும். உள்மடிப்பின் அந்தக் கீழ்மூலையைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிவிட்டால் எழுத்துப் போய்விடும், பள்ளம் போகாது. மேல்மூலை வெட்டு வேறு கதை. பரிசு கொடுத்தவர் விலையை மறைத்திருக்கலாம். கீழ்மூலை வெட்டுக்கு அப்படி நியாயம் சொல்வது கஷ்டம். புக் கிளப் பிரதிக்கு அசல் உறையைப் போட்டு விற்பதும் உண்டு. உறை அட்டையைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயர்ந்து நின்றால் சந்தேகப்படுங்கள்.

விலையின் பெரும்பகுதி அந்த உறையில்தான். அதனால் நகல் உறையும் வரும். பத்து மடங்கு உருப்பெருக்கியால் கறுப்பு எழுத்தைப் பாருங்கள். அசலில் விளிம்பு கூராக, மை நிறைந்து இருக்கும். ஸ்கான் பண்ணி அச்சடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடையும்.

பதிப்புரிமைப் பக்கத்தில் எத்தனையாவது அச்சு என்று காட்டும் எண்வரிசையில் 1 இருந்தால் முதல் அச்சு என்பது பொதுவாகச் சரி. ஆனால் அமெரிக்கப் பதிப்பகமான ரண்டம் ஹவுஸ் நெடுங்காலம் "ஃபர்ஸ்ட் எடிஷன்" என்று போட்டுவிட்டு வரிசையை 2இல் முடித்தது. 1950களின் புத்தகங்களில் இந்த வரிசையைத் தேடுவதே வீண். அங்கே வரலாறு தெரிய வேண்டும். பட்ரிசியா ஹைஸ்மித், ரிப்ளி என்ற சுத்துமாத்துக்காரனை வைத்து எழுதிய முதல் நாவல் 1955இல் நியூயோர்க்கில் வந்தது. லண்டன் பதிப்பு 1957. லண்டன் பதிப்பை வெறுமனே "முதற்பதிப்பு" என்று விற்பது பொய்யில்லை, உண்மையும் இல்லை. ஜிம் தொம்ப்சனின் 'தி கிரிஃப்டர்ஸ்' 1963இல் மலிவான மெல்லட்டையாகத்தான் முதலில் வந்தது. கெட்டி அட்டையில் அதன் முதற்பதிப்பை யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

புதிதாக அச்சாகும் "இலக்கமிட்ட, கையொப்பமிட்ட" விசேட பதிப்புகளில் எனக்கு மதிப்பில்லை. பல தடவை எழுத்தாளர் உதிரித் தாள்களில் கையெழுத்து வைத்துக் கொடுப்பார்; பிறகு அதைப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். மோசடி என்று சொல்ல மாட்டேன். அவர் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்ததேயில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சரி, வாங்கியாயிற்று. இனிக் கொழும்பின் காற்று. ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே அது சாதாரண நாள். வெளிச்சுவரோடு ஒட்டிய கண்ணாடி அலுமாரிதான் மிக மோசம்: காற்றோட்டம் இல்லை, மழைக்குச் சுவர் குளிர்ந்து பின்தட்டு வியர்க்கும். இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், உள்ளே ஒரு ஈரமானி போடுங்கள். சிலிக்கா ஜெல் போட்டு மறந்துவிட்டால் பயனில்லை, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும். உறைக்கு மேல் பொலியெஸ்டர் தாள் சுற்றுங்கள். செலோடேப் கிட்டவே வரக்கூடாது, பசை மஞ்சளாகிக் கடதாசிக்குள் இறங்கிவிடும்.

பழைய புத்தகக் கடைகளில், மருதானைப் பக்கமோ டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலோ வாங்கியதை நேரே அலுமாரிக்குள் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சியும் கூடவே வரும். காற்றுப் புகாத பையில் கட்டி டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் பையைத் திறக்காமல் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரக்காற்று குளிர்ந்த அட்டையில் தண்ணீராகப் படிந்து, அட்டையில் ஒட்டிய துணி உப்பிவிடும்.